திங்கள் எண்ணி நடந்தவர்கள்

எங்கள் அம்மம்மாவின் கொட்டப்பெட்டியில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்புக் கரண்டகம் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சின்னத் துணிமுடிச்சுக் கிடந்தது. அதற்குள் இரண்டே இரண்டு புளியங்கொட்டைகள். தாயம் உருட்டுவதற்குக் கேட்டால் தரமாட்டார். "உது விளையாட்டுச் சாமான் இல்லை மேனே. கதிர்காமத்துக்கு நடந்த கணக்கில மிஞ்சினது" என்பார். அந்தக் கணக்கு என்னவென்று கேட்கும் பொறுமை எனக்கு அப்போது இருக்கவில்லை. பிறகு கேட்டேன். நல்லவேளையாக அவர் இருக்கும்போதே கேட்டேன்.

அவர் நடந்தது 1940களில். முள்ளியவளையிலிருந்து ஒரு கூட்டம் புறப்பட்டது. வடக்கே செல்வச்சந்நிதியிலிருந்து வருகின்ற வேல்சாமிமாரோடு சேர்ந்து கொக்கிளாய், புல்மோட்டை, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில் என்று கரையோடு இறங்கி, உகந்தையில் வேலைக் கும்பிட்டு, குமண, யால காடுகளுக்குள்ளால் கதிர்காமம் போய்ச் சேருவார்கள். போர்க்காலத்தில் இந்த வழியின் வடக்குத் துண்டு அறுபட்டுக் கிடந்தது. 2009க்குப் பிறகு மீண்டும் சந்நிதியிலிருந்து நடக்கிறார்கள். இன்று நடப்பவர்களின் மடியில் கைத்தொலைபேசி இருக்கிறது. அன்று நடந்தவர்களிடம் மணிக்கூடு கிடையாது. நாட்காட்டி வீட்டுச் சுவரிலும் இருக்கவில்லை.

ஆனால் போய்ச் சேரவேண்டிய நாள் மட்டும் மாறாதது. கதிர்காமத்தில் அமாவாசையோடு கொடியேறும்; பூரணையோடு தீர்த்தம் முடியும். கொடியேறிய பிறகு போய்ச் சேர்ந்தால் நடந்த நடைக்குக் குறை. முன்கூட்டிப் போனால் காட்டுக்குள் அரிசி தீர்ந்துவிடும். எங்கள் பக்கத்தார் புறப்படுவது வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கல் முடிந்த கையோடு. அது வைகாசிப் பூரணையை அண்டிய திங்கட்கிழமையில் வருவது. பெரும்பாலான ஆண்டுகளில் அந்தப் பூரணைக்கு அடுத்த பூரணையும் கழிந்து, அதற்கு அடுத்த அமாவாசைக்குக் கொடி. கணக்குப் பார்த்தால் ஒன்றரைத் திங்கள், 44 நாள். அம்மம்மா 44 புளியங்கொட்டைகளை எண்ணி முடிந்துகொண்டு போனார். ஒவ்வொரு நாளும் பொழுதுபட, அடுப்பு மூட்டுமுன் ஒன்றை எறிவார். முடிச்சு வெறுமையாகும் நாள் கொடியேற்றம்.

திங்கள் என்ற சொல்லை இங்கே சும்மா எழுதவில்லை. தமிழில் நிலாவும் திங்கள், மாதமும் திங்கள், கிழமையும் திங்கள். வற்றாப்பளைக் கதையே இந்த மூன்றையும் ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறது. நந்திக்கடலோரம் மாடு மேய்த்த சிறுவர்களிடம் ஒரு கிழவி வந்தாள். எண்ணெய் இல்லை என்றதும் கடல்நீரை ஊற்றி விளக்கேற்றச் சொன்னாள். வைகாசித் திங்களில் ஒரு திங்கள் வருவேன் என்று சொல்லி மறைந்தாள் என்பது ஊர்க்கதை. இன்றைக்கும் பொங்கலுக்கு முந்திய திங்களில் முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, அந்த உப்புநீரில் விளக்கெரிக்கிறார்கள். கதையை நம்புவதும் விடுவதும் அவரவர் பாடு. நாட்காட்டி இல்லாத ஊரில், ஒரு மாதத்தையும் ஒரு கிழமையையும் ஒரு நிலாவையும் யாரும் மறக்க முடியாதபடி முடிந்து வைத்த கெட்டித்தனம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

நாளை எண்ணுவது ஒரு பாடு. நாளுக்குள் நேரத்தை அறிவது இன்னொரு பாடு. காட்டுவழியில் அது உயிர்ப்பிரச்சினை. செக்கல் நேரத்தில் யானை குளத்துக்கு இறங்கும். அதற்கு முன் மனிதர் தண்ணீர் அள்ளி, கரையை விட்டு விலகி, நெருப்பு வளர்த்துவிட வேண்டும். ஆகவே பின்னேர நடையில் ஒருவர் அடிக்கடி நின்று தன் நிழலைத் தானே அடிவைத்து அளப்பாராம். விடியப்புறம் கரிக்குருவி கத்தினால் எழும்புவது. காட்டுச்சேவல் கூவும்போது முதல் எட்டு வைப்பது. வானம் வெளித்திருந்தால் கிழக்கில் ஆறாமீன். வைகாசியில் சூரியனோடு ஒட்டிக் கிடந்த ஆறாமீன், ஆனி பிறந்து நாள் போகப்போக விடியலுக்கு முன்னே வரவர வேளைக்கு எழும்பும். அதை வைத்தே பயணம் எவ்வளவு முற்றிவிட்டது என்று சொல்லுகிற கிழவர்கள் கூட்டத்தில் இருந்தார்களாம். முற்பகல் வெயில் ஏறியதும் நடை நின்றுவிடும். மத்தியான நேரத்தை அளக்க ஒருவரும் மினக்கெடுவதில்லை. அது தூங்குகிற நேரம்.

இப்படி வழியில் நேரம் பார்ப்பது நம் இலக்கியத்துக்குப் புதிதல்ல. நப்பூதனாரின் முல்லைப்பாட்டில் அரசன் காட்டுக்குள் பாசறை அமைத்திருக்கிறான். அங்கே அவனுக்குப் பொழுது சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். நீர் சொட்டும் கன்னலைப் பார்த்து, கழிந்த நாழிகையைக் கணக்கிட்டு, அவனை வாழ்த்திச் சொல்வது அவர்களுடைய தொழில். படையெடுத்துப் போகிறவன் நேரத்தைச் சுமந்துகொண்டு போனான். ஆள் வைத்துச் சுமந்தான் என்பதே சரி. நெடுநல்வாடையிலோ வேறு வழி. மழையிருட்டில் பகலும் இரவும் ஒன்றாகக் கிடக்கும்போது, தட்டில் போட்டுவைத்த பித்திகை அரும்புகள் விரிந்து மணப்பதைக் கொண்டு பெண்கள் மாலையை அறிந்து விளக்கேற்றுகிறார்கள். எங்கள் அம்மம்மா இரண்டாவது கட்சி. மூட்டம் போட்ட நாளில் வேலியில் பீர்க்கம்பூ விரிந்துவிட்டதா என்று பார்த்துவரச் சொல்லித்தான் எங்களை அனுப்புவார்.

சரி, அந்த இரண்டு கொட்டைகளுக்கு வருவோம். வெருகலுக்குக் கிட்டே அம்மம்மாவுக்குக் காய்ச்சல். கூட்டம் ஆற்றங்கரையில் தங்கியது. எத்தனை நாள் கிடந்தார் என்று அவருக்கே தெரியாது. எழும்பியபோது கொட்டை எறிந்த நினைவு இல்லை. எறியாத நினைவும் இல்லை. கூட வந்த ஒருத்தி சேலைத்தலைப்பில் முடிச்சுப் போட்டு எண்ணியவள். அவளுடைய கணக்கு வேறு. இரண்டு பேருக்கும் பெரிய வாக்குவாதம். கூட்டத்தின் தலைவர் ஒன்றும் பேசவில்லையாம். "பூரணை வரட்டும்" என்றாராம். அந்த ஆண்டு வைகாசிப் பொங்கலும் பூரணையும் ஒரே நாளில் வந்தபடியால் கணக்கு இலகு. அடுத்த பூரணையன்று முடிச்சில் 15 கொட்டைகள் இருக்கவேண்டும். மட்டக்களப்புப் பக்கத்தில் ஒரு கோயில் வீதியில் நிலா முழுதாகக் கிளம்பியபோது அம்மம்மா அவிழ்த்து எண்ணினார். 17. காய்ச்சலுக்குள் இரண்டு நாட்கள் எறியப்படாமலே போயிருந்தன. அந்த இரண்டையும் அவர் எறியவில்லை. தனியாக முடிந்து ஊருக்குக் கொண்டுவந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "நான் இல்லாமல் போன நாள் எல்லோ" என்றார்.

அம்மம்மா கடந்து போன கொட்டியாரக் குடாக் கரையில்தான், ஏறத்தாழ 280 ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆங்கில இளைஞன் கண்டியரசனின் ஆட்களிடம் பிடிபட்டான். அவன் பெயர் றொபேட் நொக்ஸ். பிடிபட்டது 1660 ஏப்ரல் 4. பத்தொன்பதரை ஆண்டுகள் மலைநாட்டில் சிறையாளியாக வாழ்ந்து, தொப்பி பின்னி, கடன் கொடுத்து, ஊர் ஊராகச் சில்லறைச் சாமான் விற்று, தப்பும் வழியைத் தேடிக்கொண்டேயிருந்தான். கடைசியில் 1679 செப்ரெம்பர் 22இல் ஸ்ரீபன் றட்லண்ட் என்ற தோழனோடு புறப்பட்டான். அவன் எழுதிய நூல் 1681இல் இலண்டனில் வெளியானது. அதில் புறப்பட்ட நாளைச் சொல்லும் இடத்தில் அன்று பிறையின் வயது 27 நாள் என்றும் குறித்திருக்கிறான். வேண்டுமென்றே அப்படித் தெரிந்தெடுத்தோம், ஓடவேண்டிய இரவுகளில் நிலவு கிடைக்கட்டும் என்பதற்காக, என்று காரணமும் சொல்கிறான்.

இதை வாசித்தபோது எனக்கு ஒரு சபலம். உண்மைதானா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த அமாவாசை அவன் புறப்பட்டு மூன்றாம் நாள் வருகிறது. 27 நாட் பிறை என்பது சரி. சாமான் விற்பவர்கள் போலப் பாவனை பண்ணி, வளர்பிறைக் காலம் முழுவதையும் அனுராதபுரம் வரை போவதற்குச் செலவிட்டிருக்கிறார்கள். அங்கிருந்து ஒக்ரோபர் 12, ஞாயிற்றுக்கிழமை, காட்டுக்குள் இறங்கினார்கள். அப்போது பூரணை கழிந்து சில நாள். பொழுதுபட்டு நன்றாக இருட்டிய பிறகு நிலா எழும்பும், விடியும்வரை நிற்கும். ஆள் கண்ணில் படாமல் வெளிக்கிடுவதற்கு இருட்டு, பிறகு யானையைக் கண்டு விலகுவதற்கு வெளிச்சம். இதைவிடத் திறமாக ஒரு முகூர்த்தத்தை எந்தச் சாத்திரியாரும் வைத்துக் கொடுத்திருக்க மாட்டார்.

சிங்களத்தில் மல்வத்து ஓயா என்றும் நாங்கள் அருவியாறு என்றும் சொல்லும் ஆற்றைப் பிடித்துக்கொண்டு அவர்கள் நடந்தார்கள். ஆளரவம் கேட்டு மரப்பொந்துக்குள் ஒளிந்திருந்தார்கள். கண்டியின் எல்லை கழிந்து வன்னிமைக் காடுகள். ஒல்லாந்தருடைய அரிப்புக் கோட்டைக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தது 1679 ஒக்ரோபர் 18, சனிக்கிழமை, பின்னேரம் நான்கு மணியளவில் என்று நூல் சொல்கிறது. அந்தத் திகதிக்கு அந்தக் கிழமை பொருந்துகிறது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஆங்கிலேயர் அப்போது பழைய நாட்காட்டியில் இருந்தார்கள், 1752இல்தான் மாறினார்கள். ஒல்லாந்தக் கம்பனி புதிய நாட்காட்டிக்காரர். ஆகவே நொக்ஸ் தன் கணக்கில் 18ஆம் திகதி கோட்டைக்குள் காலடி வைத்தபோது, அங்கே மேசையில் இருந்த கணக்கில் அது 28ஆம் திகதி. பத்து நாள் வித்தியாசம். சனிக்கிழமை மட்டும் இருவருக்கும் சனிக்கிழமை. வானத்து நிலாவும் ஒன்று.

டானியல் டீபோவின் றொபின்சன் குறூசோ 1719இல் வந்தது. அதற்குத் தூண்டுதலாக இருந்த நூல்களில் நொக்ஸின் நூலும் ஒன்று என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். தனித்தீவில் மரக்கட்டையில் வெட்டுப் போட்டு நாளெண்ணும் குறூசோவே கடைசியில் தன் கணக்கில் ஒன்றிரண்டு நாள் பிசகிவிட்டது என்று ஒத்துக்கொள்கிறான். அவனுக்கும் காய்ச்சல் வந்தது. அம்மம்மாவுக்கு அந்தக் கதையைச் சொல்லியிருந்தால், "அவன் ஏன் நிலாவைப் பாக்கேல்லை?" என்று கேட்டிருப்பார்.

பிறகு வன்னிக்கு வேறு நேரம் வந்தது. பெருவீதியில் மைல்கட்டைகள் நட்டார்கள். தூரத்துக்கே கட்டை என்று பெயராகி, கிளிநொச்சியில் 155ஆம் கட்டை என்பது ஓர் இடத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது. 1905இல் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதப் பாதை வன்னியை ஊடறுத்து முழுமையானது. கோச்சியின் ஊதல் வயற்காரனுக்கு மணிக்கூடாயிற்று. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவியைப் பார்த்து உலையில் அரிசி போட்ட வீடுகள் மாங்குளத்திலும் புளியங்குளத்திலும் இருந்தன. 1990இல் வவுனியாவுக்கு வடக்கே கோச்சி நின்றது. ஊதல் நின்ற முதல் மாதங்களில் கிழவர்கள் தடுமாறினார்கள் என்பது என் சொந்த ஞாபகம்.

அதைவிட விசித்திரமான ஒன்று 1996இல் நடந்தது. மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக அந்த ஆண்டு மே மாதம் இலங்கை அரசு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. ஒக்ரோபரில் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தது. மற்ற அரை மணித்தியாலம் நின்றுவிட்டது. புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னி பழைய நேரத்திலேயே இருந்தது. 2002 ஏப்ரலில் பாதை திறந்தபோது, வவுனியாவில் புது நேரம், ஓமந்தைக்கு அப்பால் பழைய நேரம், முகமாலை கழிந்தால் மறுபடி புது நேரம். பத்து மணிக்கு வெளிக்கிட்டவன் சூனியப் பிரதேசத்தைக் கடந்து ஒன்பதரைக்குள் கால்வைப்பான். கலியாண வீட்டுக்குச் சொல்ல வருகிறவர்களிடம், "பழைய நேரமோ புது நேரமோ?" என்று கேட்காமல் யாரும் வெற்றிலை எடுக்கவில்லை. 2006 ஏப்ரலில் அரசு பழைய நேரத்துக்கே திரும்பியது. பத்து ஆண்டுக்குப் பிறகு நாடு முழுவதும் ஒரு நேரம். நான்கு மாதம் கழிந்து, ஓகஸ்டில், பாதை மூடப்பட்டது.

இனி நான் நடந்த நடை.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதி ஏறத்தாழ 50 கிலோமீற்றர். அம்மம்மாவின் கூட்டத்துக்கு அது இரண்டு நாள் வழி. 2009இன் தொடக்கத்தில் நாங்கள் அதே வீதியில் இறங்கியபோது, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, தேவிபுரம், இரணைப்பாலை என்று நின்று நின்று மாத்தளன் கடற்கரைக்குப் போய்ச் சேர மூன்று திங்களுக்குக் கிட்ட எடுத்தது. கொட்டப்பெட்டி விசுவமட்டில் மற்றச் சாமான்களோடு தங்கிவிட்டது. என் கைமணிக்கூடு தண்ணீர் புகுந்து நின்றது. வானொலிப் பெட்டியின் பற்றறியை வெயிலில் காயப்போட்டு இரண்டு மூன்று தரம் உயிர்ப்பித்தோம். பிறகு அதுவும் ஓய்ந்தது. சுற்றியிருந்த தறப்பாள்களில் விசாரித்தால் ஆளுக்கொரு திகதி சொன்னார்கள். பதுங்குகுழிக்குள் பகல் எது, இரவு எது என்று பிரித்தறியாத நாட்களும் உண்டு. வெள்ளிக்கிழமையா என்று கேட்பதற்கு ஒரு காரணமும் இல்லாமல் போயிற்று.

அங்கே அம்மா செத்தார். காய்ச்சல், மருந்து இல்லை. ஒரு முற்பகலில் போனார். பின்னேரமே கடற்கரை மணலில் வைத்துவிட்டு வந்தோம். அன்று என்ன திகதி என்று எனக்குத் தெரியாது.

வவுனியா செட்டிகுளத்து முகாமில், கம்பிக்குள், இந்தக் கேள்வி எழும்பியது. ஆட்டைத் திவசம் செய்யத் திதி வேண்டும். திதிக்கு நாள் வேண்டும். அக்கா அன்று திங்கட்கிழமை என்றார். அம்மா திங்கள் விரதகாரி. அன்று அவர் வாயில் ஒன்றும் வைக்கவில்லை, அதனால் திங்கள்தான் என்பது அக்காவின் கணக்கு. நான் வியாழன் என்றேன். ஏன் என்று எனக்கே விளங்கவில்லை. விரதமும் பட்டினியும் வேறு வேறாக இல்லாத நாட்களில் அக்காவின் சாட்சியத்தை எப்படி எடுப்பது? முகாமில் எங்களைப் போலத் திதி தேடித் திரிந்தவர்கள் எத்தனையோ பேர். நாள் தெரியாவிட்டால் தகப்பனுக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திராபூரணை என்று பொதுவாகக் கொடுத்துவிடலாம். பலர் அப்படித்தான் செய்தார்கள். அக்கா சம்மதிக்கவில்லை. "அவவுக்கெண்டு ஒரு நாள் வேணும்" என்றார்.

முகாமில் இருந்த ஐயர் ஒருவர் கேட்ட கேள்விகள் வேறு விதமானவை. திகதியை அவர் கேட்கவேயில்லை.

"தம்பி, அண்டைக்கோ அதுக்கு முதல் நாளோ நிலாவைக் கண்டனீரோ?"

கண்டேன். அன்று விடியப்புறம் தண்ணீருக்குக் கிணற்றடியில் வரிசையில் நின்றேன். கடலுக்கு மேலே, வெளுக்கத் தொடங்கிய இடத்தில், நகக்கீறல் போல ஒரு பிறை. சின்ன வயதுப் பழக்கத்தில் பார்த்தேன்.

"அடுத்த நாள்?"

அடுத்த நாள் விடியவும் அதே கிணற்றடிக்குப் போனேன். வானம் வெளித்திருந்தது. பிறை இல்லை.

"சிவராத்திரி கழிஞ்சோ?"

கழிந்து. சிவராத்திரியை இரணைப்பாலையில் ஒரு மரத்தின் கீழே சிலர் விளக்கு வைத்துக் கும்பிட்டார்கள், அம்மாவும் இருந்தார்.

"வருஷப்பிறப்புக்கு முந்தியோ?"

முந்தி.

அவர் மடித்து வைத்திருந்த, மட்டை போன பஞ்சாங்கத்தை எடுத்தார். அதிகம் யோசிக்கவில்லை. கடைசிப் பிறை கிழக்கில் தெரிந்து மறுநாள் தெரியாவிட்டால் அது அமாவாசைக்கு முந்திய நாள். சர்வதாரி ஆண்டு, பங்குனி மாதம், அபரபக்கச் சதுர்த்தசி. சிவராத்திரிக்குச் சரியாக ஒரு திங்கள் தள்ளி. இங்கிலீசுத் திகதி மார்ச் 25. புதன்கிழமை. அக்காவும் பிழை, நானும் பிழை.

முகாமுக்குப் பக்கத்தில் ஓர் ஆறு ஓடியது. முறை வைத்துக் குளிக்க விடுவார்கள். அது அருவியாறு என்று அன்றைக்குத்தான் யாரோ சொன்னார்கள். திதி கிடைத்த பின்னேரம் அதில் இறங்கி முழுகினேன். ஐயர் தட்சணை வாங்கவில்லை. அவருக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நிலாவைப் பார்க்காதவர்களிடம் அவர் மழை பெய்ததா, இருட்டா வெளிச்சமா, கடல் எப்படிக் கிடந்தது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் நாள் கிடைக்கவில்லை.

ஆண்டுதோறும் பங்குனிச் சதுர்த்தசியில் திவசம் செய்கிறோம். அக்கா வந்து சமைப்பார், படைப்பார். ஆனால் 2009 மார்ச் 23தான் அந்தக் கிழமைத் திங்கள் என்று பிறகு நாட்காட்டியில் பார்த்து வைத்திருக்கிறார். ஒவ்வொரு ஆண்டும் 23ஆம் திகதி, ஒருவருக்கும் சொல்லாமல், தன் வீட்டில் ஒரு விளக்கு வைக்கிறார். நான் ஒருமுறை கண்டேன். கேட்கவில்லை.